பிள்ளை முகாமுக்குப் போகட்டும்!

கல்லூரியில் படிக்கும் பிள்ளை உள்ள வீடுகளில் வருஷத்துக்கு ஒரு தடவையாவது இந்தப் பேச்சு எழாமல் இராது. "அம்மா, என்.எஸ்.எஸ். கேம்ப் போடறாங்க. ஏழு நாள் கிராமத்திலே தங்கணும். அப்பாகிட்டே நீதான் சொல்லிக் கையெழுத்து வாங்கித் தரணும்!"

பையனாக இருந்தால், "ஃபீஸ் கட்டிப் படிக்க அனுப்பினா, ஊர்த் தெருவைப் பெருக்கவா போறே?" என்கிறோம். பெண்ணாக இருந்தாலோ, கேட்கவே வேண்டாம்! "ராத்திரி எங்கே படுப்பே? குளிக்க மறைவு உண்டா? நாலு பேர் என்ன சொல்லுவாங்க?" என்று அடுக்கிக்கொண்டே போகிறோம். காகிதம் அலமாரி மேல் ஏறிவிடுகிறது. முகாமும் முடிந்து போகிறது.

நான் வசிப்பது தர்மபுரி மாவட்டத்து அரூரில். "ஏங்க்கா, இந்த சேவை கீவையெல்லாம் புள்ளைங்களுக்குச் சோறா போடப் போவுது?" என்று எங்கள் தெருப் பெண்கள் என்னைக் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். பெற்றவள் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்? மாணவப் பருவத்தில் தொண்டில் இறங்கியவர்கள் பிற்காலத்தில் என்ன ஆனார்கள் என்று பார்த்தால் இதற்குப் பதில் கிடைத்துவிடும். அப்படித் தேடிக்கொண்டு போனால், கடைசியில் எங்கள் அரூர்த் தாலுகாவின் மலையடிவாரத்திலேயே வந்து நிற்க வேண்டியிருக்கிறது!

எனக்காக அல்ல, உனக்காக

முதலில் இந்த என்.எஸ்.எஸ். என்பது என்ன என்று தெரிந்துகொள்வோம். நாட்டு நலப்பணித் திட்டம் என்று தமிழில் சொல்கிறார்கள். காந்திஜியின் நூற்றாண்டான 1969-ல், செப்டம்பர் 24-ஆம் தேதி தொடங்கப்பட்டது. அப்போது மத்தியக் கல்வி அமைச்சராக இருந்தவர் டாக்டர் வி.கே.ஆர்.வி. ராவ். 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களுடன் ஆரம்பமான இந்தத் திட்டம், பிற்பாடு மேல்நிலைப் பள்ளிகள் வரைக்கும் வந்துவிட்டது. இன்று பல லட்சம் பிள்ளைகள் இதில் இருக்கிறார்கள்.

இதில் சேருகிறவர்கள் இரண்டு வருஷங்களில் 240 மணி நேரம் தொண்டு செய்ய வேண்டும். அது போக, ஏதாவது ஒரு கிராமத்தில் ஏழு நாள் தங்கும் சிறப்பு முகாம். அதற்குத்தான் நம்மிடம் கையெழுத்து கேட்கிறார்கள். 'எனக்காக அல்ல, உனக்காக' என்பது இவர்களுடைய கொள்கை வாசகம். கோனார்க் சூரியன் கோயிலின் தேர்ச்சக்கரம்தான் சின்னம்.

முகாமில் என்ன நடக்கிறது? கன்று நடுவார்கள், குளக்கரை செதுக்குவார்கள், பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிப்பார்கள், வீடு வீடாய்ப் போய்க் கணக்கெடுப்பார்கள். உண்மையைச் சொன்னால், முகாமில் நட்ட கன்றுகள் எல்லாமே பிழைத்துவிடுவதில்லை. பிள்ளைகள் ஊர் திரும்பிய பிறகு தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டுமே! ஆனால் முகாமின் பலனைக் கன்றுகளை எண்ணிக் கணக்குப் பார்க்கக் கூடாது. பிள்ளைகள் ஒரு வாரம் வேறொருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அவர்கள் கஷ்டத்தைக் காதால் கேட்டுவிட்டு வருகிறார்கள். அந்தக் கேள்வி ஞானம் சிலரை விடுவதே இல்லை. அது எத்தனை தூரம் போகும் என்பதற்கு இரண்டு உதாரணங்கள் சொல்கிறேன். இரண்டும் வெவ்வேறு மாணவர் கூட்டங்களிலிருந்து கிளம்பியவை.

நாகபுரி மாணவர்கள்

ஜெயப்பிரகாஷ் நாராயணின் வழியில் வந்த 'தருண் சாந்தி சேனா' என்ற இளைஞர் அமைதிப் படை, 1970-களின் தொடக்கத்தில் வடக்கே பல கல்லூரிகளில் இருந்தது. அதில் இருந்த மருத்துவ மாணவர்களும் இளம் டாக்டர்களும், "நாம் படிக்கிற வைத்தியம் ஏழைக்கு எட்டுகிறதா?" என்று தங்களுக்குள் கேட்டுக்கொள்ள ஆரம்பித்தார்கள். 1974-ல் உருவான 'மெடிகோ ஃபிரண்ட் சர்க்கிள்' என்ற நண்பர் வட்டம் அப்படிப் பிறந்ததுதான். அவர்களில் ஒருவர் அபய் பங். நாகபுரியில் மருத்துவம் படித்தவர். அவருடைய மனைவி ராணி பங்கும் டாக்டர்தான்.

பட்டணத்தில் நர்சிங் ஹோம் வைத்திருந்தால் காரும் பங்களாவுமாக இருந்திருக்கலாம். இருவரும் அமெரிக்கா போய்ப் பொது சுகாதாரம் படித்தார்கள். திரும்பி வந்து, மகாராஷ்டிரத்தின் காட்டு மாவட்டமான கட்சிரோலியில் 1986-ல் 'சர்ச்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள்.

அங்கே டாக்டர் ராணி, கிராமத்துப் பெண்களைப் பரிசோதித்தார். 1989-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான அவருடைய ஆய்வு உலகத்தையே திடுக்கிட வைத்தது. நூற்றுக்கு 92 பெண்களுக்குக் கர்ப்பப்பை சம்பந்தமான ஏதோ ஒரு கோளாறு இருந்தது. அதற்கு முன் டாக்டரிடம் காட்டியிருந்தவர்களோ நூற்றுக்கு 8 பேர்தான்! வெளியே சொல்ல வெட்கப்பட்டு, "இதெல்லாம் பொம்பளைக்கு சகஜம்தானே" என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டார்கள். இதைப் படிக்கும் சகோதரிகளில் எத்தனை பேர் அப்படி இருக்கிறோமோ!

அடுத்து, பிறந்த சிசுக்களின் சாவு. ஆஸ்பத்திரிக்கு வர முடியாத குழந்தைக்கு வீட்டிலேயே என்ன செய்யலாம் என்று யோசித்தார்கள். ஊர்ப் பெண்களில் ஒருத்தியைத் தேர்ந்தெடுத்துப் பழக்கினார்கள். குழந்தையைக் கதகதப்பாய் வைப்பது, உடனே தாய்ப்பால் கொடுக்க வைப்பது, எடை பார்ப்பது, மூச்சை எண்ணுவது, ஆபத்தான அறிகுறி தெரிந்தால் தாமதிக்காமல் மருந்து கொடுப்பது எல்லாம் அவளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். 1999-ல் அதன் பலன் வெளியாயிற்று. பிறந்து 28 நாளுக்குள் இறக்கும் சிசுக்களின் விகிதம் அந்த ஊர்களில் 62 சதவீதம் குறைந்திருந்தது!

2011-ல் மத்திய அரசு இந்த முறையை நாடு முழுவதற்கும் எடுத்துக்கொண்டது. குழந்தை பிறந்த வீட்டுக்கு 'ஆஷா' பணியாளர் 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் வந்து பார்க்கிறாரே, அதன் வேர் இங்கேதான். பங் தம்பதியருக்கு 2018-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

கடல் கடந்த பிள்ளைகள்

இரண்டாவது உதாரணம் அமெரிக்காவில். மேல்படிப்புக்குப் போன பிள்ளைகள் ஊரை மறந்துவிடுகிறார்கள் என்று நாம் குறைப்படுகிறோம். 1991-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சந்தீப் பாண்டே முதலிய மூன்று இந்திய மாணவர்கள் 'ஆஷா ஃபார் எஜுகேஷன்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். (மேலே சொன்ன ஆஷா பணியாளர் வேறு, இது வேறு.) கையிலுள்ள பணத்தைச் சேர்த்து இந்தியாவில் ஏழைக் குழந்தைகளின் படிப்புக்கு அனுப்புவது இவர்கள் வேலை. சந்தீப் பாண்டே நாடு திரும்பி உத்தரப் பிரதேச கிராமங்களில் உழைத்தார். 2002-ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

அதே 1991-ல் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் 'எய்ட்' என்ற மாணவர் சங்கம் பிறந்தது. ரவி குச்சிமஞ்சி என்ற மாணவர் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து அங்கே ஆராய்ச்சிப் பட்டம் பெற்ற பாலாஜி சம்பத், அந்தச் சங்கத்தில் தொண்டராக இருந்தவர். 1997-ல் தாயகம் திரும்பி, தமிழ்நாட்டுக் கிராமப் பள்ளிப் பிள்ளைகள் தட்டுத் தடுமாறாமல் படிக்கவும் கணக்குப் போடவும் வழி செய்யும் வேலையில் இறங்கினார்.

"அதெல்லாம் பெரிய படிப்புப் படிச்சவங்க கதை, நமக்கென்ன?" என்று தோன்றலாம். சரி, இனி எங்கள் ஊருக்கு வாருங்கள்.

சித்தேரிக்கும் கல்வராயனுக்கும் நடுவே

அரூரிலிருந்து கோட்டப்பட்டி வழியாக நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போனால் சிட்லிங்கி வரும். ஒரு பக்கம் சித்தேரி மலை, மறு பக்கம் கல்வராயன் மலை, நடுவே பள்ளத்தாக்கு. இங்கே வசிப்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள்; மலையை ஆளுகிறவர்கள் என்ற பொருளில் வந்த பெயர், பேச்சு தமிழ்தான். லம்பாடி மக்களும் இருக்கிறார்கள்.

1990-களின் தொடக்கத்தில் இந்தப் பள்ளத்தாக்கில் ஆஸ்பத்திரி கிடையாது. காய்ச்சலுக்குக்கூட அரூர் வர வேண்டும். ஆபரேஷன் என்றால் இன்னும் தூரம். பிரசவத்தில் சிக்கல் வந்தால் வண்டி கிடைத்தால்தான் உயிர். பிறந்த 1,000 குழந்தைகளில் 147 குழந்தைகள் முதல் பிறந்த நாளைப் பார்க்காமலே போய்க்கொண்டிருந்தன. அப்போது நாடு முழுவதற்கும் அந்தக் கணக்கு 74. அதாவது, எங்கள் தாலுகாவின் ஒரு மூலையில் நாட்டைப் போல இரண்டு மடங்கு தொட்டில்கள் காலியாயின!

இங்கேதான் 1993-ல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதா ரெஜியும் வந்து சேர்ந்தார்கள். ஆலப்புழை மருத்துவக் கல்லூரியில் ஒன்றாகப் படித்து, கல்யாணம் செய்துகொண்டவர்கள். படிப்பு முடிந்ததும் திண்டுக்கல் பக்கத்துக் காந்திகிராமம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார்கள். பிறகு, டாக்டர் எங்கே அதிகம் தேவைப்படுகிறார் என்று தேடிக்கொண்டு நாட்டைச் சுற்றி வந்தார்கள். தேடல் சிட்லிங்கியில் முடிந்தது.

காந்திகிராமம் என்றதும் ஒரு தாய் தகப்பனை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அந்த ஸ்தாபனத்தை 1947-ல் கணவர் ஜி. ராமச்சந்திரனுடன் சேர்ந்து உருவாக்கியவர் டாக்டர் சௌந்தரம். டி.வி.எஸ். நிறுவனத்தின் சுந்தரம் அய்யங்காருடைய மகள். 1904-ல் பிறந்தவர். சிறு வயதிலேயே கணவரை இழந்தார். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெண்ணை மூலையில் உட்கார வைப்பதுதான் வழக்கம். ஆனால் பெற்றோர் அவரை டில்லிக்கு அனுப்பி, லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் மருத்துவம் படிக்க வைத்தார்கள். அங்கே காந்திஜியின் தொண்டர்களோடு பழக்கம் ஏற்பட்டது. பிறகு நடந்தது சரித்திரம். 1962-ல் மத்தியக் கல்வித் துணை அமைச்சராகவும் ஆனார். "ஊர் என்ன சொல்லும்" என்று அவரைப் பெற்றவர்கள் பயந்திருந்தால் காந்திகிராமம் ஏது? அங்கே பழகிய டாக்டர்கள் எங்கள் பக்கம் வந்ததுதான் ஏது?

குடிசையில் ஒரு பல்பு

சிட்லிங்கியில் ஆரம்பம் மிக எளிமையானது. ஊர் மக்களே கட்டிக்கொடுத்த கூரைக் குடிசை, ஒரு நூறு வாட் பல்பு. வைத்தியமும் அங்கே, பிரசவமும் அங்கே. நண்பர்கள் அனுப்பிய பணத்தில் காலம் ஓடியது. 1996-ல் 10 படுக்கை ஆஸ்பத்திரியாயிற்று. பிறகு ஆபரேஷன் தியேட்டர், பரிசோதனைக்கூடம் எல்லாம் சேர்ந்து 35 படுக்கையாக வளர்ந்தது. 'டிரைபல் ஹெல்த் இனிஷியேடிவ்' என்பது பெயர்.

ஆனால் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது கட்டடம் இல்லை. இங்கே நர்சு வேலை பார்க்கிறவர்கள் பட்டணத்திலிருந்து வந்தவர்களா என்றால், இல்லை! அந்த மலை ஊர்ப் பெண்களேதான். பள்ளிப் படிப்போடு நின்றிருந்த பெண்களைச் சேர்த்து, பிரசவம் பார்க்கவும் ஆபரேஷனில் உதவவும் பழக்கினார்கள். அதோடு, ஒவ்வொரு ஊரும் தனக்கென ஒரு மூத்த பெண்மணியைத் தேர்ந்தெடுத்து அனுப்பியது. அந்த அக்காமார்தான் கர்ப்பிணியைத் தேடிப் போய்ப் பார்ப்பார்கள். டாக்டர் சொல்லி நம்பாத மாமியார், அடுத்த வீட்டு அக்கா சொன்னால் நம்புவாள் அல்லவா?

பலன் என்ன? 147 ஆக இருந்த குழந்தைச் சாவு 20 அளவுக்கு இறங்கிவிட்டது. பிரசவத்தில் தாய் இறப்பது அரிதிலும் அரிதாகிவிட்டது.

டாக்டர்கள் வந்த பிறகு இன்னும் பலர் வந்தார்கள். அனுராதா, கிருஷ்ணா என்ற கட்டடக் கலைஞர் தம்பதியர் 'துளிர்' என்ற கல்வி மையத்தை இங்கே தொடங்கினார்கள். பள்ளிக்கூடம் கைவிட்ட பிள்ளைகள் கூட அங்கே படிப்பும் கைத்தொழிலும் கற்றார்கள். அதற்கு உதவிய அமைப்புகளில் ஒன்று எது தெரியுமா? பெர்க்லியில் மாணவர்கள் ஆரம்பித்தார்களே, அதே ஆஷாதான்! முகம் தெரியாத யாரோ ஒரு தாயின் பிள்ளைகள் எங்கோ இருந்து சேர்த்த காசு, அரூர்த் தாலுகாவில் ஒரு குழந்தையின் கையில் பென்சிலாக வந்தது. லம்பாடிப் பெண்கள் மறந்து போயிருந்த பூத்தையல் 'பொற்கை' என்ற பெயரில் உயிர் பெற்றதும், விவசாயிகள் ரசாயன உரத்தை விட்டு இயற்கை விவசாயத்துக்குத் திரும்பியதும் இந்தப் பள்ளத்தாக்கில்தான்.

நம் வீட்டுக்கும் ஒரு பாடம்

அந்த மலை ஊர் அக்காமார் சொல்லிக்கொடுப்பது பட்டணத்து இளம் தாய்க்கும் பொருந்தும். இவற்றை மட்டும் நினைவில் வையுங்கள்:

குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்க வேண்டும். மஞ்சளாய் வரும் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிடாதீர்கள். அதுதான் முதல் தடுப்பு மருந்து.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் தவிர வேறெதுவும் வேண்டாம். சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால் எதுவுமே கூடாது.

எடை குறைந்த குழந்தையைத் தாயின் மார்போடு தோல் படும்படி அணைத்து வைத்தால் உடம்புச் சூடு குறையாது. பிறந்த உடனே குளிப்பாட்ட அவசரம் வேண்டாம்.

சளி, இருமல் என்றால் குழந்தை தூங்கும்போது ஒரு நிமிஷம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இந்த அளவைத் தொட்டாலோ தாண்டினாலோ, மார்புக்கூடு உள்ளே இழுத்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ கை வைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

அனுப்புமுன் கேளுங்கள்

முகாமுக்குப் போகிற பிள்ளைகள் எல்லாருமே காட்டில் ஆஸ்பத்திரி கட்டப் போவதில்லை. ஆசிரியை ஆவார்கள், நர்சு ஆவார்கள், தாலுகா ஆபீசில் உட்காருவார்கள். ஆனால் சான்றிதழ் கேட்டு வெயிலில் நிற்கும் கிழவியை, "நாளைக்கு வா" என்று விரட்ட அவர்களில் சிலருக்காவது வாய் வராது. சமூகத்துக்கு அதுவே பெரிய லாபம்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பெற்றவள் விசாரிப்பதில் தப்பே இல்லை. முகாம் எந்த ஊரில், பொறுப்பான திட்ட அலுவலர் யார், அவர் போன் நம்பர் என்ன என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெண்கள் தங்குமிடத்தில் இரவு ஆசிரியை ஒருவர் கூடவே தங்குகிறாரா, கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா, கழிப்பறையும் குடிநீரும் எப்படி என்று கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால், "இந்தத் தடவை வேண்டாம், ஏற்பாட்டைச் சரி செய்யச் சொல்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. நாலு தாய்மார் கேட்டால் ஏற்பாடுகள் தாமாகவே திருந்தும்.

பையில் இரண்டு செட் பருத்தி உடை கூடுதலாக வையுங்கள். டார்ச் லைட், கொசுவர்த்தி, உப்புச் சர்க்கரைப் பொட்டலம், வழக்கமாய்ச் சாப்பிடும் மாத்திரை, பெண்ணானால் மாதவிலக்குக்கு வேண்டியவை. மண் வேலை இருப்பதால் டெட்டனஸ் ஊசி போட்டாயிற்றா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நகை வேண்டாம். முறுக்கும் அதிரசமும் டப்பா டப்பாவாய்க் கட்ட வேண்டாம். அந்த ஊர்க் களியையும் கீரையையும் சாப்பிட்டுப் பழகட்டும்.

பிள்ளை திரும்பி வந்ததும், "எப்படிக் கறுத்துப் போயிட்டே!" என்று ஆரம்பிக்காதீர்கள். ஒரு வேளை சோறு போட்டு, எதிரே உட்கார்ந்து, அங்கே யாரைப் பார்த்தாய், அவர்கள் வீட்டில் என்ன கஷ்டம் என்று கேளுங்கள். எந்தத் தெருவுக்குக் குழாய் வரவில்லை, எந்தக் குழந்தை எடை குறைவு என்று பேர் சொல்லிப் பிள்ளை பேச ஆரம்பித்தால், அந்த ஏழு நாள் வீண் போகவில்லை.